டிஎன்எஸ்மாஸ்க்: அட்ரஸ் கொடுக்கிறவனே பெயரும் எழுதட்டும்

சின்ன ஆபீஸ் நெட்வொர்க்குக்கு என்ன போடலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் பல வருஷமாக ஒன்றுதான்: டிஎன்எஸ்மாஸ்க். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஐபி அட்ரஸ் என்ற நம்பரைக் கொடுத்து, யாருடைய பெயரைக் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்கிற மென்பொருள் அது. இது கடையில் பெட்டியில் வாங்கும் சாமான் இல்லை. விளம்பரம் கிடையாது, திறந்து பார்க்க ஒரு திரைகூடக் கிடையாது. ஒரு கான்ஃபிக் ஃபைல், ஒரு லாக், அவ்வளவுதான். சிவகாசியில் நான் ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு) எடுத்திருக்கிற பிரஸ்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள், ஒரு பட்டாசுக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு என்று எல்லா இடத்திலும் ஏதோ ஒரு மூலையில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால் நாலரை போடுவேன். அரை மார்க்கை எதற்குக் குறைத்தேன் என்பதும் கீழே வரும்.

எங்கள் ஊரில் ஆடிப் பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால், அப்புறம் மார்கழி வரை பிரஸ்ஸில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. டிசைன் அறையில் கோரல்டிராவில் முடித்த ஃபைல் சர்வருக்குப் போகும். பிளேட் போடுகிற சிடிபி அறைக் கம்ப்யூட்டர் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆபீஸில் டேலி தனியாக ஓடும். இதற்கு நடுவில் எனக்கு வரும் போன் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "அக்கா, சர்வரைக் காணோம்." சர்வர் அதே இடத்தில்தான் இருக்கும். லைட் எரியும், ஃபேன் ஓடும். அறுந்தது என்னவென்றால், சர்வரின் பெயருக்கும் அதன் ஐபி அட்ரஸுக்கும் இடையிலிருந்த தொடர்பு.

பெயரே வேண்டாம், நம்பரையே அடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. 192.168.1.10 என்று பேப்பரில் எழுதி மானிட்டர் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். நெட் கம்பெனியை மாற்றும் நாள் வரை அது ஓடும். புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் வந்து உட்கார்ந்ததும் ஷார்ட்கட், மேப் பண்ணின டிரைவ், பிரிண்டர் போர்ட், டேலி லைசன்ஸ் சர்வருக்குக் கொடுத்த முகவரி என்று எல்லாமே ஒரே காலையில் படுத்துவிடும். ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து மாற்ற வேண்டும். எல்லா இடத்திலும் பெயரைக் கொடுத்திருந்தால் ஒரே இடத்தில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

விண்டோஸே பெயரை வைத்துக் கண்டுபிடிக்கிறதே, இன்னொரு சாஃப்ட்வேர் எதற்கு என்று கேட்கலாம். கண்டுபிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் எப்படி என்று பாருங்கள். பெயருக்கு அட்ரஸ் சொல்கிற டிஎன்எஸ் சர்வரிடம் பதில் இல்லையென்றால் அது நெட்வொர்க்கிலிருக்கிற எல்லாரிடமும் ஒரே நேரத்தில் "சர்வர் என்ற பெயர் யாருக்கு?" என்று கேட்கும். நெட்பயாஸ், எல்எல்எம்என்ஆர், எம்டிஎன்எஸ் என்று அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறது. அந்தப் பெயருள்ள மெஷின் "நான்தான்" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரே சுவிட்சில் பத்துக் கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸில் இது ஓடிவிடும். ஆனால் கேள்வி அந்த நெட்வொர்க்கைத் தாண்டாது. சிடிபி அறையில் வைஃபை வேண்டுமென்று யாரோ இன்னொரு ரவுட்டரை வாங்கி, கேபிளை அதன் வேன் போர்ட்டில் (இன்டர்நெட் கேபிளுக்கான துளையில்) சொருகியிருப்பார்கள். அந்த அறை தனி நெட்வொர்க் ஆகிவிடும், அங்கிருந்து கேட்கிற கேள்வி சர்வரின் காதுக்கே எட்டாது. இன்னொரு சிக்கல், "நான்தான்" என்று யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். இப்படிப் பொய்ப் பதில் சொல்லி பாஸ்வேர்டின் ஹாஷை (மறைத்தெழுதிய வடிவத்தை) பிடுங்குவதற்கென்றே ரெஸ்பாண்டர் என்ற கருவி இருக்கிறது. பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறவர்கள் பையிலிருந்து முதலில் எடுப்பதும் அதைத்தான்.

நெட்வொர்க் ஐகானைத் திறந்தால் மற்றக் கம்ப்யூட்டர்கள் தெரியவில்லை என்பது வேறு வியாதி, இதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஃபைல் பகிர்வதற்கான பழைய எஸ்எம்பி1 முறை தானாக இன்ஸ்டால் ஆவதில்லை, அதை நம்பியிருந்த பட்டியலும் அதோடு போய்விட்டது. பட்டியலில் தெரியாத சர்வரை, இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டுப் பெயரை அடித்தால் பெரும்பாலும் திறக்கும். திறக்காவிட்டால்தான் அது நம் விஷயம்.

டிஎன்எஸ்மாஸ்க் இதை வேறு விதமாகச் செய்கிறது. இதை எழுதி இன்றும் பராமரித்து வருபவர் சைமன் கெல்லி என்ற ஒருவர். அட்ரஸ் கொடுக்கிற டிஹெச்சிபி, பெயர் பார்க்கிற டிஎன்எஸ் இரண்டையும் ஒரே புரோகிராம் பார்த்துக்கொள்கிறது. லாட்ஜில் ரூம் சாவியைக் கொடுக்கிற ஆள்தான் ரிஜிஸ்டரிலும் பெயர் எழுதுவார், அதனால் எந்த ரூமில் யார் என்று அவரைக் கேட்டால் போதும். இங்கேயும் அதுதான். புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சுவிட்சில் சொருகினதும் அது "எனக்கு ஒரு அட்ரஸ் வேண்டும்" என்று கேட்கும்போதே தன் பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. டிஎன்எஸ்மாஸ்க் அட்ரஸைக் கொடுத்த கையோடு பெயரையும் குறித்துக்கொள்கிறது. அடுத்த நொடியில் யாராவது அந்தப் பெயரைக் கேட்டால் பதில் தயார். நாம் எங்கேயும் போய் எதையும் பதிய வேண்டியதில்லை.

இரண்டு வேலையையும் இரண்டு வெவ்வேறு புரோகிராமிடம் கொடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். டிஎன்எஸ்ஸுக்கு பைண்ட் என்ற சர்வர் ஒரு பக்கம், டிஹெச்சிபி சர்வர் இன்னொரு பக்கம் என்று வைத்து, ஒன்று மற்றதற்குச் சேதி சொல்ல ஒரு ரகசியச் சாவி தயாரித்து, பெயர்ப் பட்டியலான ஸோன் ஃபைல் எழுதி, அதில் சீரியல் நம்பரை ஏற்றி... பெரிய கல்லூரிக்கு அது சரி. முப்பது கம்ப்யூட்டர் இருக்கிற பிரஸ்ஸுக்கு அது வேண்டாத வேலை.

கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால் முதலில் பயமாக இருக்கும். நூற்றுக்கணக்கான வரி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஹேஷ் குறி. அந்த உதாரண ஃபைலைப் பொறுமையாகப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும் என்றாலும், நான் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகச் சின்ன ஃபைல் எழுதுவேன். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை அட்ரஸ் கொடுக்கலாம் என்று ஒரு வரி. ஆபீஸ் டொமைன் பெயர் ஒரு வரி. அந்த டொமைன் நம்முடையது, வெளியே போய்க் கேட்காதே என்று ஒரு வரி. புள்ளி இல்லாத மொட்டைப் பெயர்களை இன்டர்நெட்டுக்கு அனுப்பாமலிருக்க 'டொமைன்-நீடட்', 192.168 வகை அட்ரஸ்களைப் பற்றி வெளியே விசாரிக்காமலிருக்க 'போகஸ்-பிரைவ்'. இந்த இரண்டும் இல்லாமல் லாகைப் பார்த்தால் சிரிப்பு வரும். நம் ஆபீஸ் சிடிபி மெஷினின் முகவரி என்னவென்று எங்கோ இருக்கிற சர்வரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான் நேரம் செலவழிப்பது 'டிஹெச்சிபி-ஹோஸ்ட்' வரிகளில்தான். ஒரு வரிக்கு மூன்று விஷயம்: மெஷினின் மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்), கொடுக்க வேண்டிய ஐபி, வைக்க வேண்டிய பெயர். பிரிண்டருக்கோ சர்வருக்கோ அதனிடம் போய்க் கையால் ஐபி போட வேண்டியதில்லை, எப்போது கேட்டாலும் அதே நம்பர்தான் கிடைக்கும். பெயரும் நாம் வைத்ததுதான். இது இல்லாவிட்டால் மெஷின்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயர்களோடு வரும். ஹெச்பி பிரிண்டர்கள் பல என்பிஐ என்று ஆரம்பித்து மேக் அட்ரஸின் கடைசி ஆறு எழுத்தைப் பெயராக வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 போட்ட கம்ப்யூட்டர் 'டெஸ்க்டாப்' என்று எழுதி ஒரு கோடு போட்டு, பின்னால் ஏழு எழுத்தைத் தோன்றியபடி சேர்த்துக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தில் சரியாக 15 வரும். நெட்பயாஸ் காலத்திலிருந்து வந்த உச்சவரம்பு அது. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு "எந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ்?" என்று அண்ணாச்சி கேட்டால் என்ன சொல்வது? 'டிசைன்-3' என்று வைத்திருந்தால் நேராக அந்த நாற்காலிக்குப் போய்விடலாம். பெயரிலிருந்து அட்ரஸ் மட்டுமல்ல, அட்ரஸிலிருந்து பெயரும் இது தானாகச் சொல்லும் என்பதால் ஃபயர்வால் லாகில் வரும் நம்பர்களுக்கும் ஆள் அடையாளம் கிடைத்துவிடுகிறது.

மேலே சொன்ன லாகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'லாக்-குவெரீஸ்' என்று ஒரு வரி சேர்த்தால் யார், எந்தப் பெயரை, எப்போது கேட்டார்கள், பதில் எங்கிருந்து வந்தது என்று வரிவரியாக எழுதித் தள்ளும். 'சிடிபி என்ற பெயரை 192.168.10.34 கேட்டது' என்று ஒரு வரி. அடுத்த வரியின் ஆரம்பத்திலிருக்கிற சொல்தான் முக்கியம். 'டிஹெச்சிபி' என்றிருந்தால் தானே கொடுத்த லீஸிலிருந்து (கெடு வைத்துக் கொடுத்த அட்ரஸிலிருந்து) எடுத்தது. ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்ற பெயர்-அட்ரஸ் பட்டியலின் பாதை இருந்தால் நாம் கையால் எழுதியது. 'கேஷ்டு' என்றால் முன்னால் கேட்டு நினைவில் வைத்தது. 'ஃபார்வர்டட்' என்றால் வெளியே அனுப்பியிருக்கிறது. ஆபீஸ் பெயர் ஒன்றுக்குப் பக்கத்தில் 'ஃபார்வர்டட்' என்று பார்த்தால் எங்கே தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட உதவியாக இருப்பது லாகில் வராத வரிதான். டிசைன் அறைப் பையன் என் கண்முன்னால் சர்வர் பெயரை அடிக்கிறான், திறக்கவில்லை, லாகில் ஒரு வரிகூட விழவில்லை. அப்படியென்றால் அவன் கம்ப்யூட்டர் கேள்வியை வேறு யாரிடமோ கேட்கிறது.

யாரிடம் என்பதைத் தெரிந்துகொள்ள கருப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்தேன். டிஎன்எஸ் சர்வர் என்ற இடத்தில் இரண்டு நம்பர் இருந்தன. முதலில் நம்முடையது, 192.168.10.2. அதற்குக் கீழே 8.8.8.8, கூகுளின் பொது டிஎன்எஸ். ஃபைபர் கனெக்ஷன் கொடுக்க வந்த பையன், "நெட் ஸ்லோவாக இருந்தால் இது உதவும், சேஃப்டிக்கு இருக்கட்டும்" என்று சில கம்ப்யூட்டர்களில் கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நல்ல எண்ணம்தான். சின்ன ஆபீஸ்களில் நான் பார்க்கிற கோளாறுகளில் பெரும்பாதி இந்த நல்ல எண்ணத்தால் வருவது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இரண்டாவது டிஎன்எஸ் என்பதை உதிரி டயர் மாதிரி நினைக்கிறார்கள். முதலாவது செத்தால்தான் இரண்டாவது என்பது அவர்கள் கணக்கு. விண்டோஸின் கணக்கு வேறு. முதலாவதிடமிருந்து ஒரு நொடிக்குள் பதில் வராவிட்டால் அடுத்ததையும் கேட்டுவிடும். வெளியிலிருக்கிற 8.8.8.8க்கு நம் சிடிபி மெஷினைப் பற்றி என்ன தெரியும்? "அப்படி ஒரு பெயரே கிடையாது" என்று உறுதியாகப் பதில் சொல்லும். தெரியாது என்பதற்கும் இல்லை என்பதற்கும் டிஎன்எஸ்ஸில் பெரிய வித்தியாசம் உண்டு. "இல்லை" என்பது முழுமையான பதில், அதைக் கேட்டபின் விண்டோஸ் முதலாவதிடம் திரும்பிப் போய் விசாரிக்காது. இல்லை என்ற பதிலையும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே காலையில் திறந்த ஃபோல்டர் மத்தியானம் திறக்காது, டீ குடித்துவிட்டு வந்தால் திறக்கும். மொட்டைப் பெயராக இருந்தால் டிஎன்எஸ் கைவிட்டபிறகு நான் முன்னால் சொன்ன "யாருக்கு இந்தப் பெயர்" முறையில் கேட்டு ஒருவேளை கிடைத்தும்விடும். டொமைனோடு சேர்ந்த முழுப் பெயராக இருந்தால் அந்த வழியும் அடைத்துவிடும். அதனால்தான் ஒரே அறையில் ஒருவனுக்கு வேலை செய்வது பக்கத்திலிருப்பவனுக்குச் செய்யாது. பேய் பிடித்த நெட்வொர்க் என்று சொல்லி சுவிட்சை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள்.

டிஎன்எஸ்மாஸ்க் இந்த விஷயத்தில் சரியாகவே நடந்துகொள்கிறது. நாம் வேறு எதையும் எழுதாவிட்டால், அட்ரஸ் கொடுக்கும்போது டிஎன்எஸ் சர்வர் என்று தன்னை மட்டும்தான் சொல்லும். 8.8.8.8 வேண்டுமென்றால் அதை டிஎன்எஸ்மாஸ்க்குக்கு மேலே, அது வெளியே கேட்கிற சர்வராக வையுங்கள். கம்ப்யூட்டர்களிடம் கொடுக்காதீர்கள். கையால் போட்டதையெல்லாம் எடுத்து 'தானாக வாங்கிக்கொள்' என்று மாற்றிவிட்டால் பேய் ஓடிவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை, இரண்டாவது டிஹெச்சிபி. புது ரவுட்டரைச் சாதாரண லேன் போர்ட்டில் சொருகி, அதன் டிஹெச்சிபியை அணைக்க மறந்துவிட்டால் ஆபீஸில் இரண்டு பேர் சாவி கொடுப்பார்கள். யார் முந்துகிறாரோ அவர் பக்கம் போகும் கம்ப்யூட்டர். டிஎன்எஸ்மாஸ்க்கால் இதைத் தடுக்க முடியாது, எந்த டிஹெச்சிபி சர்வராலும் முடியாது, அது சுவிட்சின் வேலை. 'ஐபிகான்ஃபிக் /ஆல்' காட்டுகிறதில் 'டிஹெச்சிபி சர்வர்' என்ற வரியில் தெரியாத நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சுருக்கு வழி.

சரி, அரை மார்க் விஷயத்துக்கு வருகிறேன். முதலாவது, ஃபைலை மாற்றினால் எது உடனே எடுபடும், எது எடுபடாது என்பதில் இது புதியவர்களைக் குழப்பும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு 'திரும்பப் படி' என்று சொல்கிற ஹெச்யூபி சிக்னல் அனுப்பினால் போதும், திரும்பப் படித்துக்கொண்டு கேஷையும் துடைத்துவிடும். அதே சிக்னலுக்கு முக்கியக் கான்ஃபிக் ஃபைலைத் திரும்பப் படிக்காது, அதற்கு முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் 'டெஸ்ட்' என்று கேட்டால் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சொல்லிவிடும். இந்தப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள், ஒரு கமா தப்பினால் புரோகிராம் கிளம்பாது, கிளம்பாவிட்டால் ஆபீஸ் முழுவதும் நின்றுவிடும். மாறக்கூடிய டிஹெச்சிபி-ஹோஸ்ட் வரிகளைத் தனி ஹோஸ்ட்ஸ் ஃபைலாக வைத்தால் அதற்கும் சிக்னலே போதும். இதெல்லாம் இதன் கையேடான மேன் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மேன் பக்கம் தெரிந்தவர்களுக்கு நினைவூட்டுவதற்காக எழுதப்பட்டது, தெரியாதவர்களுக்குச் சொல்லித்தர அல்ல.

கேஷ் அளவும் சொல்லாமல் விட்டால் 150 பெயர்கள்தான். இன்றைக்கு ஒரு செய்தித்தாள் தளத்தைத் திறந்தாலே விளம்பரம், கணக்கெடுப்பு என்று பல டஜன் பெயர்கள் கேட்கப்படும். நான் எப்போதும் சில ஆயிரம் என்று ஏற்றிவிடுவேன், நினைவகம் பெரிதாகப் போகாது.

பாதுகாப்பு விஷயத்தில் டிஎன்எஸ்மாஸ்க் நல்ல பிள்ளைப் பட்டம் வாங்கியதில்லை. 2017 அக்டோபரில் கூகுளின் பாதுகாப்புக் குழு ஏழு ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னது, 2.78 பதிப்பில் அடைத்தார்கள். 2021 ஜனவரியில் ஜேஎஸ்ஓஎஃப் என்ற நிறுவனம் 'டிஎன்எஸ்பூக்' என்று பெயரிட்டு இன்னும் ஏழு ஓட்டைகளைச் சொன்னது, அது 2.83இல் சரியானது. 2024 பிப்ரவரியில் உலகத்திலிருக்கிற பல டிஎன்எஸ் மென்பொருள்களையும் சேர்த்து ஆட்டிய 'கீட்ராப்' வந்தபோது 2.90. ஒவ்வொரு தடவையும் திருத்தம் வேகமாக வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரி ரவுட்டர் மென்பொருளுக்குள் இது இருக்கிறது. நாம் இன்ஸ்டால் பண்ணாமலே வீட்டு ரவுட்டர்கள் பலவற்றிலும் ஓடுகிறது. டெபியன் லினக்ஸில் நான் போட்டது அப்டேட் ஆகிவிடும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கி மாடிப்படிக்குக் கீழே ஆணியடித்து மாட்டிய ரவுட்டருக்குள் இருக்கிறதை யார் அப்டேட் பண்ணுவது? ரவுட்டரிலேயே இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் கேட்பது.

ஆபீஸுக்கு டொமைன் பெயர் வைப்பதிலும் ஒரு வார்த்தை. டிஎன்எஸ்மாஸ்க் நீங்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், தடுக்காது. பழைய ஆட்கள் பலரும் கடைசியில் '.லோக்கல்' என்று வைத்திருப்பார்கள். 2013இல் அதை எம்டிஎன்எஸ்ஸுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், ஆகவே ஆப்பிள் மேக், லினக்ஸ் மெஷின்கள் அந்தப் பெயரை நம் சர்வரிடம் கேட்காமல் நெட்வொர்க்கில் எல்லாரிடமும் கேட்கப் போய்விடலாம். '.டெவ்' என்று வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அது கூகுளின் கையிலிருக்கிற உண்மையான டொமைன், 2017 கடைசியில் குரோம் அந்தப் பெயரில் முடியும் எல்லாவற்றையும் ஹெச்டிடிபிஎஸ்ஸாகத்தான் திறப்பேன் என்று பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு 'ஹோம்.ஆர்ப்பா' என்று 2018இல் முறையாக ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பெயரை பிரஸ் ஆட்களிடம் சொன்னால் விநோதமாகப் பார்க்கிறார்கள். 2024இல் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு '.இன்டர்னல்' என்பதைத் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய பிறகு நான் புதிதாகப் போடுவதெல்லாம் அதுதான்.

போன்கள் தனி ரகம். ஆண்ட்ராய்டு 9இலிருந்து 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு வசதி உண்டு. விளம்பரத்தைத் தடுக்க வேண்டுமென்று யாராவது அதில் ஒரு வெளிச் சர்வரின் பெயரைப் போட்டு வைத்திருந்தால் அந்தப் போன் ஆபீஸ் வைஃபையில் இருந்தாலும் டிஎன்எஸ்மாஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பைண்டிங் பகுதி மேஸ்திரிக்கு ஜாப் கார்டு பக்கம் திறக்கவில்லை என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த செட்டிங்கைத்தான். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போவதைத் தடுக்க ஒரு குறிப்பிட்ட டொமைனுக்கு "அப்படி எதுவும் இல்லை" என்று பதில் சொல்ல வைக்கலாம், டிஎன்எஸ்மாஸ்க்கில் அது ஒரே வரி. பயனரே போய் விருப்பப்பட்டு இயக்கியிருந்தால் அந்தத் தடையும் எடுபடாது. மேக் அட்ரஸை ஒவ்வொரு வைஃபைக்கும் மாற்றிச் சொல்கிற பழக்கமும் இப்போது போன்களுக்கு வந்துவிட்டதால் போனுக்கு நிரந்தரப் பெயர் வைப்பதை நான் விட்டுவிட்டேன். அதற்குத் தேவையும் இல்லை.

யாருக்கு இது வேண்டாம்? விண்டோஸ் சர்வர் வாங்கி ஆக்டிவ் டைரக்டரி (எல்லாருடைய லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் வசதி) போட்ட ஆபீஸுக்கு வேண்டாம். அதற்கு அதன் சொந்த டிஎன்எஸ்தான் உயிர், நடுவில் இதை வைத்தால் லாகின் தகராறு வரும். டெக்ஸ்ட் ஃபைல் என்றாலே கை நடுங்குகிறவர்கள் பை-ஹோல் போட்டுக்கொள்ளுங்கள். அதன் உள்ளே ஓடுவது டிஎன்எஸ்மாஸ்க்கிலிருந்து பிரிந்த இன்ஜின்தான், மேலே அழகான வெப் பக்கம், கூடவே விளம்பரத் தடுப்பு. 2025இல் வந்த ஆறாம் பதிப்பில் வெப் சர்வரையும் உள்ளேயே சேர்த்துவிட்டதால் போடுவது இன்னும் சுலபம். வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆபீஸில் மட்டும் விளம்பரத் தடுப்புப் பட்டியல் ஏதாவது ஒரு வங்கித் தளத்தையோ ஜிஎஸ்டி தளத்தின் ஒரு பகுதியையோ பிடித்துக்கொண்டால் திட்டு எனக்குத்தான் விழும், ஆகவே வெறும் டிஎன்எஸ்மாஸ்க்.

இதன் ஹோஸ்ட்ஸ் ஃபைல் பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ஒரு வரியில் ஒரு அட்ரஸ், பக்கத்தில் பெயர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் முழு நெட்வொர்க்குக்கும் இப்படி ஒரே ஃபைல்தான் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலிருந்த குழு அதைப் பராமரித்தது. புது மெஷின் வந்தால் அவர்களிடம் சொல்லித்தான் பெயர் சேர்க்க வேண்டும், மற்றவர்கள் அந்த ஃபைலை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். மெஷின்கள் பெருகப் பெருக அது தாங்காமல் போய்த்தான் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். உலகத்துக்குத் தாங்காத முறை முப்பது கம்ப்யூட்டருக்கு இன்றும் சுகமாகத் தாங்குகிறது. நாம் கையால் எழுதிய பட்டியல், லீஸ் தானாக எழுதும் பட்டியல், வெளி உலகத்து டிஎன்எஸ் மூன்றையும் ஒரே வாயால் சொல்வதுதான் டிஎன்எஸ்மாஸ்க்கின் சாமர்த்தியம். மோதல் வந்தால் நாம் எழுதியதற்கே முதல் மரியாதை. வேறு அட்ரஸில் ஒரு மெஷின் வந்து, ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருக்கிற பெயரைக் கேட்டால், "இந்தப் பெயர் ஏற்கெனவே இன்னாருக்கு இருக்கிறது, தர மாட்டேன்" என்று லாகில் எழுதிவிட்டு அட்ரஸை மட்டும் கொடுக்கும்.

ஹார்டுவேருக்கு ராஸ்ப்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் போதும். ஆனால் கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் எஸ்டி கார்டு நம்பக்கூடியதல்ல, பழைய தின் கிளையண்ட் (சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர்) எஸ்எஸ்டியோடு கிடைத்தால் அதுவே மேல். பழைய பை போர்டுகளில் கடிகாரமும் கிடையாது, கிளம்பி நெட் கிடைக்கும்வரை நேரம் தப்பாக இருக்கும். லீஸ் முடியும் நேரத்தைக் கணக்கிடுகிற புரோகிராமுக்கு இது தலைவலி. இதற்கென்றே நேரத்துக்குப் பதில் கால அளவைக் குறித்துக்கொள்ளும்படி டிஎன்எஸ்மாஸ்க்கைக் கட்டமைக்க ஒரு வழி வைத்திருக்கிறார் கெல்லி. இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் அவர் நம் ஆள் என்று தோன்றுகிறது.

அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இந்த டப்பா ஒண்ணு படுத்தா எல்லாமே படுத்துருமா?" படுத்துவிடும் அண்ணாச்சி. அட்ரஸ் வாங்கியவர்களுக்கு லீஸ் முடியும்வரை அட்ரஸ் இருக்கும், சொல்லாமல் விட்டால் லீஸ் ஒரு மணி நேரம்தான் என்பதால் நான் பன்னிரண்டு மணி நேரம் வைக்கிறேன். பெயர்கள் மட்டும் அந்த நொடியே நின்றுவிடும், இன்டர்நெட்டும் சேர்ந்து நின்றது போலத் தோன்றும். இரண்டு டிஎன்எஸ்மாஸ்க் ஒன்றுக்கொன்று லீஸைப் பகிர்ந்துகொள்ளும் வசதி இதில் கிடையாது. அரை மார்க்கில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. நான் செய்வது, எல்லா மெஷினுக்கும் டிஹெச்சிபி-ஹோஸ்ட் வரி எழுதி, அந்தப் பெயர்களை ஹோஸ்ட்ஸ் ஃபைலிலும் சேர்த்து, அதே இரண்டு ஃபைலையும் இரண்டாவது டப்பாவிலும் போட்டு, முன்பின் தெரியாத புது மெஷின்களுக்குக் கொடுக்கிற எண்களை மட்டும் இரண்டுக்கும் பிரித்துவிடுவது. இரண்டுக்கும் ஒரே பட்டியல் தெரியும் என்பதால் கம்ப்யூட்டர்களுக்கு இரண்டையும் டிஎன்எஸ்ஸாகக் கொடுப்பதில் ஆபத்தில்லை, பட்டியலில் இருக்கிற மெஷின்களுக்கு எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

அண்ணாச்சியின் பிரஸ்ஸுக்கும் இரண்டாவது தின் கிளையண்ட் வாங்கி வைத்தாயிற்று. அதற்கு இன்வெர்ட்டர் லைன் இழுக்க வேண்டும், எலக்ட்ரீசியன் தீபாவளி முடியாமல் வர மாட்டேன் என்கிறார்.